ஒரே கூரையின் கீழ்: வட்டகொடைத் தோட்டங்களின் லயத்து வழக்கங்கள்

தனக்கென்று உடையும் மொழியும் ஒழுங்கும் வைத்துக்கொண்டு, பெரிய சமூகம் ஒன்றின் நடுவில் அதனோடு முற்றாகக் கலந்துவிடாமல் வாழும் சிறுகூட்டத்தைப் பார்க்கும் அயலாரிடம் வியப்பும் இரக்கமும் மாறிமாறி எழுகின்றன. இரண்டுமே உள்ளதை உள்ளபடி காணத் தடையாக நிற்பவை. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லாங்காஸ்டர் வட்டாரத்தில் வாழும் ஆமிஷ் மக்களைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி, குதிரை வண்டியில் போகும் அவர்களது எளிமையை மெச்சுவதாகவோ, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் அவர்களது பிள்ளைகளுக்காக வருந்துவதாகவோ இருப்பது இதனால்தான். இலங்கையின் மத்திய மலைநாட்டில், தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே புகையிரதப் பாதையை ஒட்டிக் கிடக்கும் வட்டகொடைத் தோட்டங்களின் வாழ்க்கையும் இதே இரட்டைப் பார்வைக்கு நெடுங்காலம் ஆளாகி வந்துள்ளது. தோட்டத்து மக்களைப் போல ஒற்றுமையானவர்களைக் காண முடியாது என்பார் ஒருவர். அவர்கள் திருந்தவே மாட்டார்கள் என்பார் இன்னொருவர். இரு கூற்றுகளும் ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் வருவதும் உண்டு.

கோச்சியின், அதாவது புகையிரதத்தின், கதவோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும் உல்லாசப் பயணிக்கு, சரிவில் கூடையைத் தலையில் மாட்டி நிற்கும் பெண் ஒரு காட்சி மட்டுமே. அவரை அயலார் என்று சொல்வதுகூட மிகைதான். சந்தியில் கடை வைத்திருக்கும் வியாபாரி உண்மையான அயலார். அவரிடம் குடும்பத்துக்கு ஒரு கடன் கொப்பி உண்டு. கோதுமை மாவும் பருப்பும் சீனியும் தீபாவளி முற்பணம் கிடைத்த கிழமையில் தீர்ந்த பாக்கியும் அதில் வரிசையாகப் பதிந்திருப்பதால், ஒரு காம்பராவின் வரவுசெலவு அங்கே குடியிருப்பவருக்குத் தெரிவதைவிட அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் கடன் வாங்கும் முகத்தை மட்டுமே கண்டவருக்குக் கொடுக்கும் முகம் தெரிவதில்லை. மலைச்சரிவின் கீழே கொத்மலைப் பக்கத்துக் கிராமங்களில் வாழும் சிங்கள விவசாயியின் பார்வையில் வேறொரு கணக்குக் கலந்திருக்கிறது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியவை எனக் கொள்ள வழிசெய்த 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தோடு மலைநிலங்கள் தோட்டக்காரர் கைக்குப் போன கதை அவரது குடும்ப நினைவில் இருக்கும்வரை, அந்த நிலத்தில் வேலை செய்ய வந்தவரும் நிலத்தைப் பிடித்தவரின் ஆளாகவே அவருக்குத் தோன்றுகிறார். நிலத்தை எடுத்தவர் எவரோ, பழியைச் சுமப்பவர் எவரோ என்ற இந்த முறைகேடு மலைநாட்டு அரசியலில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இந்தப் பார்வைகளுக்கு எதிராக உள்ளிருந்து ஒரு குரலை எழுப்பியவர் வட்டகொடையின் மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் நாட்டின் முதலாவது நாடாளுமன்றத்துக்குத் தெரிவான அவர், அரசியலாளராக நினைக்கப்படுவதைவிடத் தோட்டத்து மனிதர்களைச் சித்திரித்த எழுத்தாளராகவும், அவர்களது நாட்டார் பாடல்களைத் தொகுத்தவராகவுமே இன்று அதிகம் நினைக்கப்படுகிறார். அவர் வழக்கங்களைப் பதிந்தார். பதிவதற்கே அன்று ஆளில்லாதிருந்த நிலையில் அது பெரும்பணி. அவ்வழக்கங்கள் யாருக்கு எவ்வளவு பயன்பட்டன, யாரிடம் என்ன விலை பெற்றன என்று எடைபோடும் வேலை அவருக்குப் பின்வந்தவர்களுக்கு உரியது.

லயம் அல்லது லயன் என்பது ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகளைக் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு. ஒவ்வோர் அறையையும் காம்பரா என்பர். முன்னாலுள்ள சிறு திண்ணைப் பகுதி இஸ்தோப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவே பழைய காம்பராக்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது. இரட்டை லயங்களில் இவ்வறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பின்பக்கம் காற்று வரவும் வழியில்லை. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிவிடக்கூடிய பருவகாலத் தொழிலாளரைத் தங்கவைக்கும் கொட்டிலாகத் தொடங்கிய இவ்வமைப்பு, 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்து, ஆண்டு முழுவதும் ஆள் தேவைப்படும் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது நிரந்தர வீடாக மாறியது. கட்டடம் மாறவில்லை, அதில் வாழும் காலம் மட்டும் நீண்டது. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள்கட்டி வந்த கங்காணி, உறவினரையும் ஒரே ஊராரையும் சேர்த்தே கொண்டுவந்ததால், லயம் தொடக்கத்திலேயே அறிமுகமற்றோரின் விடுதியாக இராமல் பாதி ஊராகவே இருந்தது. ஆளின் கடனைக் குறிக்கும் துண்டு என்ற சீட்டு கையில் இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. அம்முறை ஒழிந்தது 1921இல்தான். கடனாலும் உறவாலும் ஒருங்கே கட்டப்பட்ட கூட்டம் என்பதை மறந்துவிட்டு லயத்து வழக்கங்களைப் பேசினால் எல்லாமே அழகாகத் தெரியும்.

அவ்வழக்கங்களுள் முதலில் சொல்லத் தகுந்தது பிறர் துன்பத்தில் கைகொடுக்கும் முறை. ஒரு காம்பராவில் மரணம் நேர்ந்தால் அந்த எழவு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பக்கத்துக் காம்பராக்களில் சமைத்த சோறும் தேத்தண்ணியும் வந்துகொண்டே இருக்கும். குழி வெட்டுவோர், பெட்டிக்கு ஓடுவோர், தூரத்துத் தோட்டங்களிலுள்ள சொந்தக்காரருக்குச் செய்தி கொண்டுசெல்வோர், இரவு முழுவதும் விழித்திருப்போர் என்று வேலைகள் எவரும் பிரித்துக் கொடுக்காமலே பிரிந்துவிடுகின்றன. பல தோட்டங்களில் இதற்கென மரண உதவிச் சங்கங்கள் உண்டு. பேருக்கு இவ்வளவு என்று சேரும் தொகை அன்றே எழவு வீட்டின் கைக்குப் போகும். ‘பேர்’ என்பது இங்கே ஒரு நாள் வேலைப் பதிவைக் குறிக்கும் தோட்டத்துச் சொல். பேர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் இல்லை. சாவுக்குப் போனவர்கள் அன்றைய பேரை இழக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தால்தான் இந்த உதவியின் உண்மையான கனம் தெரியும். நாட்கூலி வாங்கும் ஒருவர் அயல்வீட்டு மரணத்துக்காக ஒரு நாள் கூலியை விடுவதும், மாதச் சம்பளக்காரர் விடுமுறை போட்டுவிட்டு மலர்வளையத்தோடு வருவதும் ஒன்றல்ல.

அன்றாடத்திலும் இது தொடர்கிறது. மாதக் கடைசியில் அரிசியும் மாவும் கைமாத்தாகப் போய்வரும். விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு, அதாவது அன்றைய வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடும் இடத்துக்கு ஓடும் தாய், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட முடியாத அளவுக்குக் காய்ச்சல் கண்ட குழந்தையைப் பக்கத்துக் காம்பராக் கிழவியிடம் விட்டுச்செல்வாள். அதற்கு நன்றி சொல்லும் வழக்கம்கூட இல்லை, ஏனெனில் நாளை இவள் அவர்களுக்குச் செய்யவேண்டிய ஒன்றாகவே அது கொள்ளப்படுகிறது. மலையூற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கிப் பலரும் பிடித்துக்கொள்ளும் பீலிக்கரையில் முறை வைப்பதும், கோயில் திருவிழாவுக்கு வீட்டுவரி கட்டுவதும், சீட்டுப் பிடித்துக் காதணியோ கூரைத்தகடோ வாங்குவதும் எழுதப்படாத ஒழுங்கிலேயே நடக்கின்றன. லயத்தின் ஒரு மூலையில் மின்கசிவால் நெருப்புப் பிடித்தால் தொடர்கூரை காரணமாக வரிசை முழுவதும் எரிந்துபோகும் விபத்துகள் மலையகத்தில் திரும்பத்திரும்ப நடப்பவை. அப்போதெல்லாம் முகாமும் நிவாரணமும் வந்துசேரும் முன்பே எரிந்த லயத்தார் எரியாத லயங்களில் இடம்பெற்றுவிடுகிறார்கள். நெருப்பைக் கடத்திய அதே நெருக்கம்தான் அடைக்கலத்தையும் தருகிறது என்பதை இவ்வமைப்பைப் பாராட்டுவோரும் பழிப்போரும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆமிஷ் சமூகத்தில் களஞ்சியம் எரிந்துபோன ஒருவருக்கு அயலார் எல்லாரும் கூடி மரச்சட்டங்களை நிமிர்த்திச் சில நாட்களிலேயே புதுக் களஞ்சியம் எழுப்பித் தருவது உலகறிந்த வழக்கம். 1693இல் யாக்கோப் அம்மான் என்பவரைத் தொடர்ந்து சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் பிரிந்துவந்த இந்தக் கிறித்தவப் பிரிவினர் காப்புறுதியை நாடுவதில்லை. 1965இல் அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்தும் சுயதொழில் செய்வோர் விலக்குப் பெற்றார்கள். ஒருவருக்கு வரும் இழப்பைச் சபை தாங்கும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். வட்டகொடை லயத்து உதவியும் இதுவும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆமிஷ் விவசாயி நிலவுடைமையாளர். அவர் அயலாருக்குக் கொடுப்பது தன் மிச்சத்திலிருந்து. தோட்டத் தொழிலாளி கொடுப்பது தனக்கே போதாததிலிருந்து. மேலும், ஆமிஷ் உதவியால் மிச்சப்படும் செலவு ஆமிஷ் சமூகத்துக்கே மிஞ்ச, லயத்து உதவியால் மிச்சப்படும் செலவில் ஒரு பகுதி தோட்ட நிர்வாகத்துக்கும் அரசுக்கும் மிஞ்சுகிறது. நோயாளியைச் சாக்குத் தொட்டிலில் சுமந்து பாதைக்குக் கொண்டுவரும் இளைஞர்களை மெச்சும்போது, அங்கே வண்டி போகும் பாதை ஏன் இல்லை என்ற கேள்வி நாகரிகமாக மறைந்துவிடுகிறது. ஒற்றுமையைப் புகழ்வது எவருக்கும் செலவு வைக்காத புகழ்ச்சி.

இனி, நெருக்கத்தின் விலை. ஒட்டிய சுவருக்கு அப்பால் பேசும் குரல் கேட்கும். சமைக்கும் குழம்பின் மணம் தெரியும். புது மருமகள் அழுதாளா, எந்த நேரத்தில் அழுதாள் என்பதும் தெரியும். பத்தடி அறையில் பெற்றோரும் மணமான மகனும் வயதுக்கு வந்த மகளும் சேர்ந்திருக்கும்போது தனிமை என்பது கேட்கவும் கூச்சப்படும் பொருளாகிவிடுகிறது. நீண்டகாலமாகக் கடிதங்கள்கூடத் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்தன. தனி முகவரி என்ற ஒன்று காம்பராவுக்கு இருக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்து கைக்கு வந்த வருத்தம் மலையகத்தில் படித்த தலைமுறை முழுவதற்கும் பொதுவானது. லாங்காஸ்டர் ஆமிஷ்களும் தொலைபேசியை வீட்டுக்குள் வைப்பதில்லை. பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒழுங்கை முனையில் ஒரு சிறு கூண்டில் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் தனிமையைக் குறைப்பதுதான், ஆனால் அவர்களே கூடிப்பேசி எடுத்த முடிவு அது. தோட்டத்தில் தபாலை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி எந்த லயமும் கூடித் தீர்மானித்ததில்லை.

வழக்கம் சாதியையும் சுமந்து வந்திருக்கிறது. ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட இலங்கைத் தோட்டங்களின் சாதித் தொடர்ச்சி பற்றிய ஆய்வும், அதன்பின் வந்தவையும் காட்டியபடி, ஊரில் இருந்த அடுக்கு தோட்டத்தில் கரைந்துபோகவில்லை. தொழில் எல்லாருக்கும் ஒன்றானதால் கூர்மை குறைந்தது, அவ்வளவுதான். கங்காணிப் பதவி பெரும்பாலும் குடியானவர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட சாதிகளின் கையிலிருந்தது. பள்ளர், பறையர் குடும்பங்களுக்குத் தனி லயங்கள் ஒதுக்கப்பட்ட தோட்டங்கள் பல. இதில் வியப்பளிப்பது நிர்வாகத்தின் பங்கு. செக்ரோல் எனப்படும் சம்பளப் பதிவேட்டில் கோயில் காசு, சங்கச் சந்தா ஆகியவற்றோடு சலவைத் தொழிலாளிக்கும் முடிதிருத்துவோருக்கும் உரிய பிடித்தங்களும் ஏறியிருந்தன. கிராமத்தில் நெல்லாகக் கொடுக்கப்பட்ட குடிமை ஊதியம், அதாவது சாதித் தொழில் செய்வோருக்கு ஊர் தரும் பங்கு, இங்கே கணக்கப்பிள்ளையின் பேனாவால் காசாக எழுதப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த கணக்கெழுதும் முறை தமிழ்நாட்டுச் சாதி முறைக்கு இவ்வளவு பணிவாகச் சேவை செய்ததை, நவீனத்துவம் பழமையைக் கரைக்கும் என்று நம்புவோர் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். லயத்து ஒற்றுமையைப் புகழும் கட்டுரைகளில் இந்தப் பிடித்தங்கள் இடம்பெறுவது அரிது. எழவு வீட்டுக்கு எல்லாரும் போனார்கள் என்பது உண்மை. எல்லார் வீட்டிலும் எல்லாரும் தண்ணீர் குடித்தார்களா என்பது வேறு கேள்வி.

பெண்களின் நிலையை எடுத்துக்கொண்டால் தராசு இன்னும் சாய்கிறது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. தேயிலைப் பொருளாதாரம் அவர்கள் விரல்களில் நிற்கிறது. ஆயினும் ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல்தான். அதற்கு முன்னும் பின்னும் பல குடும்பங்களில் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிவருவது வழக்கமாயிருந்தது. ஆண் கவ்வாத்து வெட்டியோ, அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் குறைத்தோ, முள்ளுக் குத்தியோ பிற்பகலில் வேலை முடித்துத் திரும்பிவிடலாம். பெண் மாலைக் கொழுந்து நிறுத்து முடித்து வந்த பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும், பீலிக்கரைக்கும் போக வேண்டும். கைகொடுக்கும் முறையின் பெரும்பாரம், அதாவது பிள்ளை பார்த்தல், நோயாளிக்குக் கஞ்சி வைத்தல், எழவு வீட்டுச் சமையல் எல்லாம், பெண்களின் இரண்டாவது வேலைநாளிலிருந்தே எடுக்கப்படுகிறது. முடிவெடுக்கும் இடத்தில் அவர்களைக் காண்பது கடினம். குடும்பச் சண்டை என்றால் தோட்டத் தலைவர், அதாவது தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைக்குத் தலைமை வகிப்பவர், பெரியவர்களைக் கூட்டிப் பேசி முடிப்பார். இதன் நன்மையை மறுக்க முடியாது: பட்டணத்துப் பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்படும் முறைப்பாட்டைவிட அது விரைவானது, செலவில்லாதது, புரியும் மொழியில் நடப்பது. ஆனால் சாராயத் தவறணையிலிருந்து வந்து அடிக்கும் கணவனுக்கு அந்தக் கூட்டம் கொடுக்கும் தண்டனை பெரும்பாலும் ஓர் அறிவுரையாகவே முடிய, பெண் அதே காம்பராவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். போவதற்கு வேறு காம்பரா இல்லை என்பதும், அந்தக் காம்பரா கணவனின் பேரிலோ மாமனாரின் பேரிலோ பதிந்திருக்கிறது என்பதும் அத்தீர்ப்பின் பேசப்படாத பகுதி.

இவ்விடத்தில் ஆமிஷ் ஒப்பீடு மீண்டும் உதவுகிறது. அவர்களது வாழ்வை ஆளும் விதித்தொகுப்புக்கு ஓர்ட்னுங் என்று பெயர். தொப்பியின் விளிம்பு அகலம் முதல் மின்சாரத்தின் பயன்பாடு வரை அதில் அடங்கும். அது கடுமையானது, மீறியவரை ஒதுக்கிவைக்கும் தண்டனையும் அதில் உண்டு. ஆனால் ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துச் சடங்குக்கு முன், சபையார் கூடி அந்த விதிகளுக்கு உடன்பாடு தெரிவித்தாக வேண்டும். வளர்ந்தபின் ஞானமுழுக்குப் பெற்றுத் தாமாகச் சேர்ந்தவர்களையே அவ்விதிகள் முழுமையாகக் கட்டுப்படுத்தும். சேராமல் வெளியேறிப்போகும் இளையோரும் உண்டு. ஒரு புதிய இயந்திரம் வந்தால், இது நம்மைச் சேர்த்து வைக்குமா பிரித்துவிடுமா என்று கேட்டபிறகே அதை உள்ளே விடுகிறார்கள். வட்டகொடையில் இயந்திரம் எவரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. தொழிற்சாலையில் கொழுந்தை அரைத்து உருட்டும் பெருஞ்சக்கரங்களை ரோதை என்று அழைத்த தொழிலாளர், கை சிக்கினால் கையே போய்விடக்கூடிய அச்சக்கரத்துக்கு ஒரு காவல் தெய்வத்தை உண்டாக்கி ரோதமுனி என்று பூசை போட்டார்கள்; கவ்வாத்து வேலைக்கும் கவ்வாத்துச் சாமி உண்டானது. இந்தத் தெய்வங்களை மலையகத்தின் படைப்பாற்றலுக்குச் சான்றாக நாட்டாரியல் ஆய்வாளர் காட்டுவது சரியே. அதே சான்று இன்னொன்றையும் காட்டுகிறது: மறுக்கும் உரிமை இருந்தவர்கள் இயந்திரத்தை விசாரித்தார்கள், அந்த உரிமை இல்லாதவர்கள் அதற்குப் பொங்கல் வைத்தார்கள். தோட்டத்து வழக்கங்களின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது. அவற்றை மாற்றவோ உறுதிசெய்யவோ எல்லாரும் அமரும் ஓர் அவை உருவாகவில்லை. திருவிழாக் கூட்டத்திலும் சங்கக் கூட்டத்திலும் செலவும் போராட்டமும் பேசப்பட்டனவேயன்றி, யார் லயத்தில் யார் இருப்பது, யார் சம்பளத்தை யார் வாங்குவது என்பவை பேசுபொருளாகவில்லை.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆமிஷ் பெற்றோர் எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்தது அவர்களது சமய உரிமை என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தோட்டத்துப் பிள்ளை நெடுங்காலம் ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு எந்த நீதிமன்றமும் தேவைப்படவில்லை. தோட்டத்தில் ஆறாம் வகுப்பே இருக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபின் இந்நிலை மாறத் தொடங்கி, படித்த முதல் தலைமுறை ஆசிரியர்களாகத் திரும்பிவந்தது. லயத்து வழக்கங்களை உள்ளிருந்தே கேள்வி கேட்கும் குரல்களும் பெரும்பாலும் அத்தலைமுறையிலிருந்தே வந்தன.

வழக்கங்களுள் மிகச் செழுமையானது காமன் கூத்து. மாசி மாதத்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றித் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் காமதகனத்தோடு உச்சமடையும் இக்கூத்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல இடங்களில் மங்கிப்போன பிறகும் மலையகத்தில் நிலைத்தது. ரதியும் மன்மதனும் ஆகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள். வீரபத்திரனும் எமனும் குறவன் குறத்தியும் தம்தம் நாளில் வந்து ஆடுகிறார்கள். பகல் முழுவதும் மலையில் நின்றவர்கள் இரவு முழுவதும் பொட்டலில் நிற்கிறார்கள். மேடையும் பார்வையாளரும் என்ற பிரிவு இதில் முழுமையாக இல்லை, லயங்களுக்கிடையே நடந்துகொண்டே நிகழும் நாடகம் இது. ரதியின் ஒப்பாரி, இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் முடிவானபின் தலைமன்னாருக்குப் போன கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்த ஒரு மக்களுக்கு வெறும் புராண அழுகையாக இருந்திருக்க முடியாது. இத்தனை உயிர்ப்புள்ள கலையிலும் ரதி ஓர் ஆணாகவே இருந்தாள். பெண்கள் அழும் கூட்டத்தில் நின்றார்கள். கூத்தின் உயிரான தப்பு என்ற பறை ஒரு சாதியின் தோளில் மாட்டப்பட்டிருந்தது. கலைஞன் என்ற மதிப்பு கூத்து நடக்கும் நாட்களுக்கு மட்டும், எஞ்சிய நாட்களில் சாவுக்கு அடிப்பவன் என்ற இழிவு. இளைஞர் பலர் தப்பை இறக்கிவைத்தது மரபை மறந்ததால் நேர்ந்தது என்று புலம்புவோர், இறக்கிவைத்தவரின் தோளை ஒருமுறை தடவிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது பாடசாலை மேடைகளிலும் விழாக்களிலும் எந்தச் சாதிப் பிள்ளையும் ஆணும் பெண்ணுமாகத் தப்பு அடிக்கக் கற்றுக்கொள்வது, கலையை அதன் இழிவிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு நம்பத்தகுந்த அறிகுறி. சடங்கின் கனம் அதில் ஓரளவு குறைகிறது என்பதும் உண்மைதான், ஆனால் அந்தக் கனத்தை யார் சுமந்தார்கள் என்று பார்க்கும்போது அக்குறைவு பெரிய இழப்பாகத் தோன்றவில்லை.

மூடிய சமூகம் என்ற பட்டத்தை இம்மக்களுக்குச் சூட்டும் அயலார், கதவை வெளியிலிருந்து பூட்டிய கைகளையும் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அந்நிலை முழுமையாகச் சீர்செய்யப்பட 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிட இடந்தராதிருந்தது; 2018இல் திருத்தம் வரும்வரை, வட்டகொடைச் சந்தியின் தெருவைப் பேணக்கூடிய ஒரு சபைக்கு அங்கிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் போகும் பாதையைப் பேணச் சட்ட வழி இல்லை. 1977, 1981, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களில் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது லயத்தின் நெருக்கமே காவலாகவும் அமைந்தது. உள்ளொடுங்குதல் இவர்களின் பண்பு என்று சொல்வது இவற்றையெல்லாம் அவர்கள் குணத்தில் ஏற்றிச் சொல்வதாகும்.

லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற திட்டம் அண்மைக் காலத்தில் நகர்கிறது. இந்தியா கட்டித்தர முன்வந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. தேவையோடு ஒப்பிட்டால் இவை குறைவு, வேகமும் குறைவு. தனிவீடு வந்தால் பழைய ஒற்றுமை போய்விடும் என்ற கவலை பட்டணத்துப் படிப்பாளிகளிடம் அதிகமாகவும் லயத்தில் இருப்பவர்களிடம் குறைவாகவும் காணப்படுவது கவனிக்கத்தக்கது. அக்கவலை முற்றிலும் வீணானது அல்ல. இஸ்தோப்பிலிருந்து இஸ்தோப்புக்குக் கைமாறும் கஞ்சியும், கூப்பிடாமலே வந்துசேரும் கிழவியும் தூரம் கூடும்போது அரிதாகலாம். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போயிருக்கும் இளையோரின் பணம் வந்து ஒரு வீடு உயர, இன்னொன்று உயராமல் நிற்கும்போது லயத்தின் கட்டாயச் சமத்துவமும் குலையும். ஆனால் மரண உதவிச் சங்கத்துக்கு ஒட்டுச்சுவர் தேவையில்லை; அது பேரேட்டாலும் பழக்கத்தாலும் இயங்குவது. மறைந்துபோகக்கூடியவை நெருக்கடியிலிருந்து பிறந்த பகுதிகள். அவற்றின் ஒரு பாதி அன்பு, மறுபாதி வேறுவழியின்மை.

இதைவிடத் தீர்க்கமான கேள்வி உறுதிப்பத்திரத்தில் இருக்கிறது. வீடு கட்டி முடிந்து ஆண்டுகள் சென்றும் நிலத்துக்கான உறுதி கைக்கு வராதிருக்கும் குடும்பங்கள் உள்ளவரை, தனிவீடு என்பது சற்று விலகி நிற்கும் காம்பராவாகவே இருக்கும்: வேலையை விட்டால் வீடு என்னவாகும் என்ற பழைய அச்சம் புதுச் சுவருக்குள்ளும் குடியேறிவிடும். உறுதி எழுதப்படும்போது கணவன் பெயரோடு மனைவி பெயரும் சேர்கிறதா என்பதைப் பொறுத்தே, தலைவரின் கூட்டத்திலிருந்து அவள் எந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவாள் என்பதும், அனுப்பப்படுவாளா என்பதும் தீர்மானமாகும்.